இல்லங்களில் வதைபட்ட பிள்ளைகளுக்கு இழப்பீடு: பணத்தை யார் கட்டுவது?

பாதுகாப்பாக வளரட்டும் என்று ஓர் இல்லத்தில் விடப்பட்ட பிள்ளைகள் அங்கே அடிபட்டார்கள், பட்டினி கிடந்தார்கள், பாலியல் கொடுமைக்கு ஆளானார்கள் என்பது பல ஆண்டுகள் கழித்து உறுதியாகிறது. அந்தப் பிள்ளைகள் இப்போது தாத்தா, பாட்டி ஆகிவிட்டார்கள். அவர்களுக்கு இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். அந்தப் பணத்தை யார் கொடுப்பது என்று கேட்டவுடன்தான் சண்டை தொடங்குகிறது.

அயர்லாந்து நாடு இந்தச் சண்டையை 20 ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தி வருகிறது. 2002-இல் இல்லங்களை நடத்திய 18 கத்தோலிக்கத் துறவற சபைகள் அரசாங்கத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்தன. சபைகளின் பங்கு 12 கோடியே 80 லட்சம் யூரோ என்று முடிவானது. ஆனால் விசாரணைக்கும் இழப்பீட்டுக்கும் ஆன மொத்தச் செலவு பின்னாளில் சுமார் 150 கோடி யூரோவைத் தொட்டது. மீதியில் பெரும்பகுதி வரி கட்டும் மக்கள் தலையில் விழுந்தது.

ஒரு கையெழுத்தில் இவ்வளவு வித்தியாசம் எப்படி வந்தது? மற்ற நாடுகள் இதை வேறு விதமாகச் செய்தனவா?

*அந்த இல்லங்களில் நடந்தது என்ன?*

அயர்லாந்தில் தொழிற்பள்ளி, சீர்திருத்தப் பள்ளி என்ற பெயர்களில் பிள்ளைகளைத் தங்கவைக்கும் இல்லங்கள் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து இருந்தன. குற்றம் செய்த சிறுவர்கள் மட்டும் அங்கே போகவில்லை. பெற்றோர் ஏழைகள், தாய் இறந்துவிட்டார், பிள்ளை பள்ளிக்கூடத்திற்கு ஒழுங்காகப் போகவில்லை என்பன போன்ற காரணங்களுக்காகவும் நீதிமன்றங்கள் பிள்ளைகளை அங்கே அனுப்பின. பல பிள்ளைகள் 16 வயது வரை வெளியே வரவில்லை.

இல்லத்தை நடத்தியது துறவற சபை. பணம் கொடுத்தது அரசாங்கம். ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று தலைக்கணக்குப் போட்டு மானியம் வந்தது. எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்களோ அத்தனை மானியம். டப்ளின் நகரில் கிறிஸ்தவ சகோதரர்கள் சபை நடத்திய ஆர்ட்டேன் தொழிற்பள்ளியில் ஒரே நேரத்தில் 800-க்கும் மேற்பட்ட சிறுவர்கள் இருந்த காலமும் உண்டு. கோல்டன்பிரிட்ஜ் இல்லத்தில் சிறுமிகள் ஜெபமாலை மணி கோர்க்க வைக்கப்பட்டார்கள். ஒரு நாளைக்கு இத்தனை கோர்க்க வேண்டும் என்று அளவு இருந்தது. முடிக்காதவர்களுக்கு அடி விழுந்தது.

இந்த அமைப்பையே மூட வேண்டும் என்று 1970-இல் கென்னடி அறிக்கை பரிந்துரைத்தது. ஆனால் உள்ளே நடந்த கொடுமைகள் நாட்டை உலுக்கியது 1999-இல்தான். செய்தியாளர் மேரி ராஃப்டரி தயாரித்த ஆவணப்படத் தொடர் ஆர்டிஇ தொலைக்காட்சியில் வந்தது. அதே ஆண்டு மே 11-ஆம் நாள் பிரதமர் பெர்ட்டி அஹெர்ன் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். விசாரணை ஆணையமும் அமைக்கப்பட்டது.

*பொறுப்பு யாருடையது?*

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த இடம் நன்றாகப் புரியும். தோட்டம் கைமாறும்போது தொழிலாளிக்குச் சேர வேண்டியதைக் கேட்டால் பழைய நிர்வாகம் புதியதைக் காட்டும், புதியது பழையதைக் காட்டும், இரண்டும் சேர்ந்து அரசாங்கத்தைக் காட்டும். அயர்லாந்திலும் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது.

அடித்தவர்கள் சபையைச் சேர்ந்தவர்கள், அவர்களைப் பற்றிப் புகார் வந்தபோது மூடி மறைத்ததும் வேறு இடத்திற்கு மாற்றியதும் சபைதான், ஆகவே சபைதான் கட்ட வேண்டும் என்பது ஒரு வாதம்.

பிள்ளைகளை அங்கே அனுப்பியது அரசின் நீதிமன்றம், பணம் கொடுத்ததும் பரிசோதகரை அனுப்பியதும் கல்வி அமைச்சு, கண்ணை மூடிக்கொண்டிருந்ததும் அதே அமைச்சு, ஆகவே அரசும் பொறுப்பு என்பது மறு வாதம்.

இரண்டிலும் உண்மை இருந்தது. 2009 மே 20-ஆம் நாள் வெளிவந்த ரயன் ஆணைய அறிக்கை அதைத்தான் சொன்னது. ஐந்து தொகுதிகள் கொண்ட அந்த அறிக்கை, சிறுவர் இல்லங்களில் பாலியல் கொடுமை பரவலாக வேரூன்றி இருந்ததாகவும், அடியும் பயமும் நிர்வாக முறையாகவே இருந்ததாகவும் பதிவு செய்தது. கல்வி அமைச்சு சபைகளுக்கு அடங்கிப் போனதால் பரிசோதனை பெயரளவுக்கு இருந்தது என்றும் குறிப்பிட்டது.

ஆனால் பணப் பங்கீடு இந்த அறிக்கைக்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே கையெழுத்தாகிவிட்டது. கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

*2002 ஒப்பந்தம் எப்படி வேலை செய்தது?*

நம் ஊரில் சொக்சோ, அதாவது பெர்கெசோ திட்டம் எப்படி நடக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் இது எளிதாக விளங்கும். வேலையிடத்தில் கை போனால் தொழிலாளி முதலாளி மீது வழக்குப் போட்டு ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டியதில்லை. சொக்சோ பணம் கொடுக்கிறது. அதற்குப் பதிலாக முதலாளி மீது வழக்குப் போடும் உரிமையை 1969-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. வேகமான, உறுதியான பணத்திற்காக வழக்கு உரிமை விட்டுக்கொடுக்கப்படுகிறது.

அயர்லாந்தின் இழப்பீட்டு வாரியமும் இதே வழியில் 2002-இல் சட்டப்படி அமைந்தது. விண்ணப்பிப்பவர் தாம் யார், எந்த இல்லத்தில் இருந்தார், எந்தப் பாதிப்பு உண்டு என்பதைக் காட்ட வேண்டும். நீதிமன்றத்தில் தேவைப்படும் அளவுக்குக் கடுமையான ஆதாரம் கேட்கப்படவில்லை. பாதிப்பின் அளவைப் பொறுத்து ஐந்து படிகள் இருந்தன. மேல்வரம்பு 3 லட்சம் யூரோ. பணத்தை ஏற்பவர் சபை மீதோ அரசு மீதோ வழக்குப் போடும் உரிமையைக் கைவிட வேண்டும்.

சபைகள் இந்தத் திட்டத்தில் சேர ஒரு நிபந்தனை வைத்தன. தங்கள் பங்கு கட்டியபின், இந்தத் திட்டத்தின் கீழ் வரக்கூடிய ஒருவர் நீதிமன்றம் போய் வென்றாலும் அந்தத் தொகையை அரசே கட்ட வேண்டும். இதற்கு இழப்பு உத்தரவாதம் என்று பெயர். 2002 ஜூன் 5-ஆம் நாள், பொதுத் தேர்தல் முடிந்து புதிய அமைச்சரவை பதவியேற்பதற்கு முன், அமைச்சர் மைக்கல் வுட்ஸ் பொறுப்பில் இந்த ஒப்பந்தம் கையெழுத்தானது. சபைகள் தருவதாகச் சொன்ன 12.8 கோடி யூரோவில் பாதிக்கு மேல் நிலமும் கட்டடமும். மற்றது ரொக்கமும் மனநல ஆலோசனைச் சேவையும்.

சொக்சோவோடு உள்ள வேறுபாடு இங்கேதான் வருகிறது. சொக்சோவில் முதலாளி மாதாமாதம் சம்பளத்திற்கேற்பச் சந்தா கட்டிக்கொண்டே இருக்கிறார். அயர்லாந்து ஒப்பந்தத்தில் சபைகளின் பங்கு ஒரே தொகையாகப் பூட்டப்பட்டது. அரசின் பங்குக்கு வரம்பே இல்லை. பாதிக்கப்பட்டவர் எத்தனை பேர் என்று தெரிவதற்கு முன்பே ஒரு பக்கத்தின் பில் முடிக்கப்பட்டுவிட்டது.

*கணக்கு எப்படி வீங்கியது?*

தொடக்கத்தில் அமைச்சு போட்ட மதிப்பீடு 25 கோடி யூரோ. அந்தக் கணக்குப்படி பார்த்தால் சபைகளின் 12.8 கோடி ஏறக்குறையச் சரிபாதி. காகிதத்தில் நியாயமாகத்தான் தெரிந்தது.

ஆனால் எதிர்பார்த்ததைவிட மிக அதிகமானோர் வந்தார்கள். நாட்டின் தலைமைக் கணக்காய்வாளர் 2017-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2015 இறுதிக்குள் 15,579 பேருக்கு இழப்பீடு வழங்கப்பட்டது. சராசரித் தொகை சுமார் 62,000 யூரோ. வழக்கறிஞர் நிறுவனங்களுக்கு மட்டும் கிட்டத்தட்ட 20 கோடி யூரோ போனது. விசாரணை ஆணையம், மருத்துவ உதவி, கல்வி உதவி எல்லாம் சேர்த்து மொத்தம் சுமார் 150 கோடி. பூட்டி வைத்த 12.8 கோடி இதில் 9 விழுக்காடுகூட வரவில்லை.

ரயன் அறிக்கை வந்தபின் மக்கள் கொதித்தார்கள். சபைகள் தாமாகவே கூடுதலாகத் தருவதாக முன்வந்த தொகை சுமார் 35.3 கோடி யூரோ. செலவைப் பாதிப் பாதியாகப் பகிர வேண்டும் என்று அரசாங்கம் கேட்டது. ஆனால் கையெழுத்தான ஒப்பந்தம் இருந்ததால் அரசால் கேட்கத்தான் முடிந்தது, கட்டாயப்படுத்த முடியவில்லை. பள்ளி விளையாட்டுத் திடல்களாகத் தருவதாக இருந்த 12.7 கோடி மதிப்புள்ள சொத்தைக் கிறிஸ்தவ சகோதரர்கள் சபை பின்னர் திரும்பப் பெற்றுக்கொண்டது. கூடுதல் வாக்குறுதி அதனால் 22.6 கோடியாகக் குறைந்தது. 2015 இறுதி வரை அதில் கைக்கு வந்தது 8.5 கோடி. 2002-இல் ஒப்புக்கொண்ட சொத்துகளிலேயே 2.1 கோடி அப்போதும் பாக்கி.

எல்லாம் கூட்டினால் அன்றைய நிலவரப்படி சபைகள் கொடுத்தது மொத்தச் செலவில் சுமார் 13 விழுக்காடு.

*சபைகள் சொன்னது என்ன?*

சபைகளுக்கும் வாதங்கள் உண்டு. உறுப்பினர்கள் வயதாகிவிட்டார்கள், அவர்களைக் கடைசிவரை பராமரிக்கப் பணம் வேண்டும். சொத்து என்று பார்ப்பதில் பெரும்பகுதி பள்ளிக்கூடமும் மருத்துவமனையும், அவற்றைப் பயன்படுத்துவது பொதுமக்கள்தான். அரசுக்கும் பொறுப்பு இருப்பதை அரசே ஒப்புக்கொண்டது. இவை அனைத்தும் பொய்யல்ல.

நாங்கள் வாங்கிய அடிக்கு நாங்கள் கட்டும் வரியிலிருந்தே எங்களுக்கு இழப்பீடா என்று கேட்ட பாதிக்கப்பட்டோர் தரப்பின் கேள்வியும் பொய்யல்ல. இழப்பீட்டை வெறும் தொகையாக அவர்கள் பார்க்கவில்லை. தவறு செய்தவர் தம் கையிலிருந்து எடுத்துக் கொடுத்தால்தான் அது பொறுப்பேற்பு. வேறொருவர் கட்டினால் பணம் வந்துவிடும், பொறுப்பேற்பு வராது.

அவர்களுக்கு வேறு குறைகளும் இருந்தன. தாம் பெற்ற இழப்பீட்டு விவரங்களை வெளியிடுவதைச் சட்டம் தடுத்தது, மீறினால் தண்டனை உண்டு. விண்ணப்பக் கெடு 2005 டிசம்பர் 15. வெளிநாடுகளில் குடியேறிவிட்ட பலருக்குத் திட்டம் இருப்பதே தாமதமாகத்தான் தெரிந்தது. பழைய பதிவேடுகளைத் தேடி எடுப்பது பெரும் பாடாக இருந்தது.

*அடுத்தடுத்த சுற்றுகள்*

மக்தலேன் சலவைக்கூடங்களில் கூலி இல்லாமல் உழைத்த பெண்கள் 2002 திட்டத்தில் சேர்க்கப்படவில்லை. அவர்களிடம் அரசு 2013-இல் மன்னிப்புக் கேட்டுத் தனித் திட்டம் தொடங்கியது. அந்தச் சலவைக்கூடங்களை நடத்திய நான்கு சபைகளும் அதற்குப் பணம் தர மறுத்துவிட்டன.

பிறகு வந்தது தாய் சேய் இல்லங்களின் விவகாரம். திருமணமாகாமல் கருவுற்ற பெண்கள் அங்கே அனுப்பப்பட்டார்கள். 2021 ஜனவரியில் வெளியான ஆணைய அறிக்கைப்படி, விசாரிக்கப்பட்ட 18 இல்லங்களில் சுமார் 56,000 தாய்மார்களும் 57,000 பிள்ளைகளும் இருந்திருக்கிறார்கள். சுமார் 9,000 பிள்ளைகள் இறந்தார்கள். இவர்களுக்கான 80 கோடி யூரோ திட்டம் 2024 மார்ச்சில் திறக்கப்பட்டது. சுமார் 34,000 பேர் தகுதி பெறுவார்கள் என்று மதிப்பிடப்பட்டது. குழந்தையாக ஆறு மாதத்திற்கும் குறைவாக அங்கே இருந்தவர்களுக்குப் பணம் கிடையாது என்ற விதி கடும் கண்டனத்திற்கு உள்ளானது.

இந்த முறை அரசு எந்த உத்தரவாதமும் கொடுக்கவில்லை. சபைகளோடு பேசத் தனியாக ஒருவரை நியமித்தது. 2025 ஏப்ரலில் அந்தப் பேச்சின் முடிவு வெளியானது. எட்டு அமைப்புகளோடு பேசியதில், திட்டத்திற்கெனப் பெரிய ரொக்கத் தொகை தர முன்வந்தது போன் செகூர் சகோதரிகள் சபை மட்டுமே. தொகை சுமார் 1.3 கோடி யூரோ. 80 கோடியில் அது 2 விழுக்காடுகூட இல்லை.

முதல் முறை ஒப்பந்தம் அரசின் கையைக் கட்டியது. இரண்டாம் முறை, கொடுக்கும்படி கட்டாயப்படுத்தச் சட்டம் இல்லாததால் கை கட்டப்பட்டது.

*கனடாவும் ஆஸ்திரேலியாவும் செய்தது*

கனடாவில் பழங்குடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் வைத்தார்கள். அரசு பணம் கொடுத்தது, தேவாலயங்கள் நடத்தின. அங்கே பங்கீட்டை ஒரு நீதிமன்றம் எண்ணாகவே சொன்னது. போர்ட் அல்பெர்னி பள்ளி தொடர்பான வழக்கில் 2005-இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் அரசுக்கு 75 விழுக்காடு, ஐக்கிய தேவாலயத்திற்கு 25 விழுக்காடு என்ற பங்கை உறுதி செய்தது. ஆங்கிலிக்கன் தேவாலயம் 2003-இல் 30 விழுக்காட்டுக்கு ஒப்புக்கொண்டது, ஆனால் 2.5 கோடி கனடிய டாலர் என்ற உச்சவரம்போடு. அதற்கு முன்பே அந்தத் தேவாலயத்தின் கரிபூ மறைமாவட்டம் வழக்குச் செலவு தாங்காமல் 2001-இல் மூடப்பட்டிருந்தது. பங்கு கேட்கும்போது கேட்கப்படுபவர் திவாலாகிவிட்டால் பாதிக்கப்பட்டவருக்கு ஒன்றும் மிஞ்சாது என்ற பயமும் நியாயமானதே.

2006-இல் கனடா முழுவதற்கும் பொது உடன்பாடு வந்தது. கத்தோலிக்க அமைப்புகள் 2.9 கோடி டாலர் ரொக்கம், 2.5 கோடி மதிப்புள்ள சேவை, இயன்ற அளவு முயன்று திரட்டும் 2.5 கோடி நிதி என்று மூன்று உறுதி கொடுத்தன. "இயன்ற அளவு" என்ற சொல் ஓட்டையாகிவிட்டது. திரண்டது 40 லட்சம் டாலருக்கும் குறைவு. 2015-இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு மீதியிலிருந்து அவர்களை விடுவித்தது. 2021-இல் நாடு முழுவதும் எழுந்த கோபத்திற்குப் பிறகு கனடாவின் ஆயர்கள் ஐந்து ஆண்டுகளில் 3 கோடி டாலர் தருவதாக உறுதியளித்தார்கள்.

ஆஸ்திரேலியா வேறு வழியில் போனது. முதலில் அரச ஆணையம் முழு விசாரணையை முடித்தது, இறுதி அறிக்கை 2017 டிசம்பரில் வந்தது. 2018 ஜூலை 1-ஆம் நாள் தேசிய இழப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. மொத்தமாக ஒரு தொகை பேசி முடிக்கப்படவில்லை. ஒருவரின் விண்ணப்பம் ஏற்கப்பட்டால் அவருக்கு நேர்ந்ததற்கு எந்த அமைப்பு பொறுப்போ, அந்த அமைப்புக்கே பில் போகும். நிர்வாகச் செலவிலும் அது பங்கு கட்ட வேண்டும். அமைப்பு இப்போது இல்லையென்றால் சில நிபந்தனைகளோடு அரசு கடைசிக் கைகொடுப்பாக வந்து கட்டும்.

சேர மறுத்த அமைப்புகளின் பெயர்களை அரசு பகிரங்கமாக வெளியிட்டது. அறநிறுவனத் தகுதியும் அதனால் வரும் வரிச் சலுகையும் பறிபோகும் என்ற நிலையை உருவாக்கியது. முதலில் மறுத்த சில அமைப்புகள் பின்னர் சேர்ந்தன. இதிலும் குறை உண்டு. ஆணையம் 2 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் உச்சவரம்பு கேட்டது, சட்டம் 1.5 லட்சத்தோடு நிறுத்தியது. ஆனால் எதிர்பார்த்ததைவிட அதிகமானோர் வந்தால் பொறுப்பான அமைப்பின் பில்லும் கூடும். அயர்லாந்தில் இல்லாமல் போனது இந்த ஒன்றுதான்.

*எந்தத் திட்டத்திலும் பார்க்க வேண்டிய நான்கு கேள்விகள்*

மூன்று நாடுகளின் அனுபவத்தையும் சேர்த்துப் பார்த்தால், இப்படிப்பட்ட திட்டம் எங்கே வந்தாலும் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

முதலாவது, எத்தனை பேர் பாதிக்கப்பட்டார்கள் என்பது தெரிந்தபின் பங்கு பேசப்பட்டதா, தெரியுமுன்பா? இரண்டாவது, பங்கு ஒரே தொகையா, விழுக்காடா? தொகை என்றால் கூடுதல் செலவு யார் தலையில்? மூன்றாவது, ரொக்கமா, சொத்தா, "முயற்சி செய்கிறோம்" என்ற வாக்கா? நான்காவது, பங்காளிகள் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது பாதிக்கப்பட்டவருக்குப் பணம் நிற்காமல் வருகிறதா?

நான்காவதுதான் மிக அவசரமானது. இழப்பீடு கேட்பவர்களில் பலர் 70, 80 வயதைக் கடந்தவர்கள். அரசு முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு பொறுப்பானவர்களிடம் வசூலித்துக்கொள்ளலாம். வழக்கு முடியட்டும் என்று காத்திருந்தால் பணம் வரும்போது வாங்க ஆள் இருக்க மாட்டார்.

*மலேசியாவில் கவனிக்க வேண்டியவை*

இது தூர தேசத்துக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2024 செப்டம்பரில் சிலாங்கூர், நெகிரி செம்பிலான் மாநிலங்களில் 20 இல்லங்களிலிருந்து 402 பிள்ளைகளைப் போலீஸ் மீட்டது நினைவிருக்கும். நம் சமூகத்திலும் வறுமை, பெற்றோர் மறைவு, குடும்பப் பிரிவு ஆகிய காரணங்களால் இல்லங்களில் வளரும் பிள்ளைகள் உண்டு. அவர்களை அன்போடு வளர்க்கும் இல்லங்களும் உண்டு.

ஒரு பிள்ளையை இல்லத்தில் சேர்க்க வேண்டிய நிலை வந்தால், 1993-ஆம் ஆண்டு பராமரிப்பு மையங்கள் சட்டத்தின் கீழ் அந்த இல்லம் சமூக நலத் துறையில் பதிவு பெற்றதா என்று முதலில் கேட்க வேண்டும். சேர்த்த தேதி, கையெழுத்திட்ட தாள்கள், பள்ளி, மருத்துவப் பதிவுகள் எல்லாவற்றிலும் ஒரு பிரதி குடும்பத்திடம் இருக்க வேண்டும். அயர்லாந்தில் பலர் தாம் அந்த இல்லத்தில் இருந்ததை நிரூபிக்கவே ஒரு தாளுக்காக அலைந்தார்கள். பிள்ளையை அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும், தனியாகப் பேச விடவில்லை என்றால் ஏன் என்று கேட்க வேண்டும்.

2017-ஆம் ஆண்டு சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டத்தின்படி, இப்படிப்பட்ட குற்றம் நடப்பது தெரிந்தும் தகவல் கொடுக்காமல் இருப்பதும் குற்றமே. 5,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம். சந்தேகம் இருந்தால் 24 மணி நேரமும் இயங்கும் தாலியான் காசே 15999 எண்ணுக்கு அழைக்கலாம், அல்லது அருகிலுள்ள போலீஸ் நிலையத்தில் புகார் செய்யலாம்.